வரைபடம் வருமுன் வந்த மருந்து: என்ஃபுவிர்டைடு மதிப்புரை

எச்.ஐ.வி. வைரஸ் மனித உயிரணுவின் சவ்வோடு கலந்து உள்ளே நுழையும் அந்தத் தருணத்திலேயே அதைத் தடுக்கும் மருந்துகளுள் முதலில் சந்தைக்கு வந்தது என்ஃபுவிர்டைடு. டிரைமெரிஸ், ரோச் ஆகிய இரு நிறுவனங்கள் ஃபியூசியான் என்ற வணிகப் பெயரில் கொண்டுவந்த இந்த ஊசி மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. மருத்துவர் இதை ஒரு விதமாகவும், நாள்தோறும் குத்திக்கொள்ளும் நோயாளி வேறு விதமாகவும் மதிப்பிடுவார்கள். இம்மதிப்புரை அது பற்றிக்கொள்ளும் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை அளவுகோலாக வைத்து எழுதப்படுகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இம்மருந்து செய்யும் வேலை உண்மையானது, ஆனால் அதன் வடிவமைப்பு முழுமை பெறாதது. இலக்குப் புரதத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்ட துண்டு இது என்பதால், இதன் நிறைகளையும் குறைகளையும் பின்னால் வந்த படிக வடிவத்தைக் கொண்டு வரிவரியாக விளக்க முடிகிறது. மருந்து வடிவமைப்பைக் கற்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

எச்.ஐ.வி.யின் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் ஒவ்வொன்றும் மூன்று ஜிபி120 புரதங்களும் மூன்று ஜிபி41 புரதங்களும் சேர்ந்த கூட்டு. வெளிப்புறத்தில் இருக்கும் ஜிபி120 முதலில் உயிரணுவின் சிடி4 ஏற்பியையும், பிறகு சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்னும் துணை ஏற்பியையும் பற்றுகிறது. அதுவரை அதன் அடியில் மடங்கிக் கிடந்த ஜிபி41 அப்போது நிமிர்ந்து நீண்டு, தன் நுனியிலுள்ள இணைவுப் பெப்டைடை (பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி) உயிரணுச் சவ்வுக்குள் செருகுகிறது. ஒரே புரதத்தின் ஒரு முனை வைரஸின் சவ்விலும் மறுமுனை உயிரணுவின் சவ்விலும் ஊன்றி நிற்கும் இந்த இடைநிலை நீடிப்பது சில நிமிடங்களே. அடுத்து அப்புரதம் கொண்டை ஊசிபோல நடுவில் மடங்குகிறது. இணைவுப் பெப்டைடை ஒட்டியுள்ள மூன்று முன்சுருள்கள் நடுவில் நிற்க, வைரஸ் சவ்வை ஒட்டியுள்ள மூன்று பின்சுருள்கள் எதிர்த்திசையில் திரும்பி வந்து அவற்றின் மேல் படிகின்றன. ஆறு சுருள்கள் கொண்ட இந்தக் கட்டு உருவாகும்போது வெளிப்படும் ஆற்றலே இரு சவ்வுகளையும் நெருக்கி இழுத்து, ஒன்றாகக் கலக்கச் செய்து, வைரஸின் மரபுப்பொருள் உள்ளே செல்லத் துளையைத் திறக்கிறது.

என்ஃபுவிர்டைடு அந்தப் பின்சுருளிலிருந்தே வெட்டி எடுத்த 36 அமினோ அமிலங்களின் வரிசை. வைரஸின் சொந்தப் பின்சுருள் வந்து படிய வேண்டிய இடத்தில் இந்தச் செயற்கைத் துண்டு முன்கூட்டியே அமர்ந்துவிட்டால், ஜிபி41 மடங்க முடியாமல் நீண்ட நிலையிலேயே நின்று செயலிழக்கிறது. வைரஸின் உடலிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து அதன் வேலையைக் கெடுக்கும் இந்த உத்தி எளிமையானது. மருந்து செயல்படும் இடம் உயிரணுவுக்கு வெளியே என்பது இதன் பெரிய வசதி, ஏனெனில் பெப்டைடுகள் சவ்வைக் கடந்து உள்ளே செல்லத் தயங்குபவை. முள் இன்னும் விரியாத நிலையில் முன்சுருள்களின் பள்ளம் வெளியே தெரிவதே இல்லை. ஆகவே இரத்தத்தில் மிதக்கும் வைரஸை இம்மருந்து சும்மா போய்ப் பற்றிக்கொள்வதில்லை. ஏற்பியைப் பற்றிய பிறகு திறக்கும் அந்தச் சில நிமிட இடைவெளியில்தான் அதற்கு வேலை.

இத்துண்டு பிறந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அதன் குறையைப் புரிந்துகொள்ள முடியாது. டியூக் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மேத்யூஸ், டேனி பொலொக்னேசி ஆகியோரின் குழு, ஜிபி41-இன் அமினோ அமில வரிசையில் ஏழுக்கு ஏழாகத் திரும்பி வரும் ஒழுங்கைக் கொண்டு, எந்தப் பகுதிகள் சுருளாக முறுக்கிக்கொள்ளும் என்று கணித்தது. ஏழு இடங்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் முதல் இடத்திலும் நான்காம் இடத்திலும் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் வருமானால், அப்பகுதி பிற சுருள்களோடு பின்னிக்கொள்ளும் என்பது அந்தக் கணிப்பின் அடிப்படை. முன்சுருளிலிருந்து செய்த டிபி-107 என்ற துண்டு வைரஸைத் தடுப்பதை அவர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். பின்சுருளிலிருந்து செய்த டிபி-178 அதைவிடப் பன்மடங்கு வீரியமானது என்பது 1994-இல் வெளிவந்தது. முன்சுருள் துண்டுகள் கரைசலில் தமக்குள்ளேயே திரண்டு விடுகின்றன. பின்சுருள் துண்டுகள் தனித்தனியாக மிதந்து இலக்கைத் தேடுகின்றன. இந்த டிபி-178-தான் டி-20 என்ற குறியீட்டையும் பிறகு என்ஃபுவிர்டைடு என்ற பெயரையும் பெற்றது. ஆக, வரிசையைப் படித்தும், செய்து பார்த்தும், பலன் தந்ததை வைத்துக்கொண்டும் வந்த மருந்து இது. அது எதில், எந்தக் கோணத்தில், எப்படிப் பொருந்துகிறது என்பதை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை.

அதைப் பார்க்கும் வாய்ப்பு 1997-இல் வந்தது. ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் ஜிபி41 மையப் பகுதியின் படிக வடிவத்தை எக்ஸ்-கதிர் மூலம் தீர்மானித்து வெளியிட்டன. அவற்றுள் பீட்டர் கிம் குழு வெளியிட்ட வடிவம் 2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியம் கொண்டது. புரதத் தரவு வங்கியில் 1ஏஐகே என்ற குறியீட்டில் இன்றும் எவரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். என்36 என்னும் முன்சுருள் துண்டும் சி34 என்னும் பின்சுருள் துண்டும் சேர்ந்து உருவான ஆறு சுருள் கட்டு அது. மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிற்றில் புரிகளுக்கு இடையே மூன்று நீளப் பள்ளங்கள் ஓடுவதுபோல, மூன்று முன்சுருள்கள் நடுவில் பின்னி நிற்க, அவற்றுக்கு இடையிலான பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு பின்சுருள் தலைகீழாகப் படிந்திருக்கிறது. இந்த ஒற்றைப் படமே டி-20 எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு விடை தந்துவிட்டது.

ஆனால் அந்தப் படத்தில் வேறொன்றும் இருந்தது. முன்சுருள்களின் பின்முனைக்கு அருகில், பள்ளத்தின் ஓரிடம் மட்டும் சட்டென்று ஆழமாகிறது. ஏறத்தாழ 16 ஆங்ஸ்ட்ராம் நீளமும் 7 ஆங்ஸ்ட்ராம் அகலமும் 5 முதல் 6 ஆங்ஸ்ட்ராம் ஆழமும் கொண்ட குழி அது. அதன் சுவர்களில், அமினோ அமிலங்களிலிருந்து கிளைத்து நிற்கும், நீரை வெறுக்கும் பக்கக்கிளைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. முள் முழுவதற்குமான எண்வரிசையில் எண்ணினால், சி34-இன் 628, 631 ஆகிய இடங்களிலுள்ள இரு டிரிப்டோபான்களும் 635-இலுள்ள ஐசோலூசினும் இக்குழிக்குள் இறங்கி இறுகுகின்றன. அருகிலேயே முன்சுருளின் 574-ஆம் லைசினும் பின்சுருளின் 632-ஆம் அஸ்பார்டிக் அமிலமும் எதிரெதிர் மின்னேற்றத்தால் கைகோத்துக்கொள்கின்றன. இக்குழியை அமைக்கும் அமினோ அமிலங்கள் எச்.ஐ.வி.யின் பலவகைத் திரிபுகளிலும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. கட்டு முழுவதற்கும் பிடிமானம் தரும் இடம் இது என்பதை அந்த மாறாமையே காட்டுகிறது. ஒரு மருந்து வடிவமைப்பாளர் தேடுவது இத்தகைய இடத்தைத்தான்: வைரஸுக்கு இன்றியமையாதது, அதனால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாதது, ஒரு மூலக்கூறு இறங்கி அமர்வதற்குப் போதிய ஆழம் உடையது.

என்ஃபுவிர்டைடின் வரிசை தொடங்குவது 638-இல். குழியில் இறங்க வேண்டிய மூன்று பக்கக்கிளைகளுள் கடைசியானது 635-இல் இருக்கிறது. அதாவது இம்மருந்து பள்ளத்தின் நீளத்தில் படிகிறது, ஆனால் அதிலுள்ள மிகச் சிறந்த பிடிமானத்தை மூன்று இடம் தள்ளித் தவறவிடுகிறது. வடிவம் தெரிந்த பிறகு அத்துண்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் எவரும் அந்த இடத்தில் வெட்டியிருக்க மாட்டார்கள். மறுமுனையில் அதற்கு ஈடாக வேறொன்று கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டி-20-இன் கடைசி எட்டு அமினோ அமிலங்கள் டிரிப்டோபான், அலனின், செரின், லூசின், டிரிப்டோபான், அஸ்பாரஜின், டிரிப்டோபான், பினைல்அலனின் என்று வரிசையாக வருகின்றன. எட்டில் மூன்று டிரிப்டோபான். சவ்வின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மை கொண்ட இந்த வாலை அகற்றினால் மருந்தின் வீரியம் பெரிதும் குறைந்துவிடுகிறது. சி34 குழியைப் பற்றி நிற்கிறது, டி-20 வாலால் சவ்வோடு ஒட்டி நிற்கிறது. ஒரே இலக்கைத் தடுக்கும் இரு துண்டுகள் இப்படி வெவ்வேறு கால்களில் நிற்பது இத்துறையில் எனக்கு இன்றும் சுவாரசியம் குறையாத செய்தி.

பலன் எப்படி? முதல் மனிதச் சோதனை 1998-இல் வெளியானது. 16 பேருக்கு 14 நாட்கள் இரத்தக் குழாய் வழியாக இம்மருந்து தரப்பட்டபோது, நாளுக்கு இருமுறை 100 மில்லிகிராம் என்ற உச்ச அளவைப் பெற்றவர்களிடம் வைரஸின் எண்ணிக்கை நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. இணைவைத் தடுப்பதாலேயே ஒரு நோயாளியின் வைரஸைக் குறைக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் சான்று. அடுத்து டோரோ 1, டோரோ 2 என்ற இரு பெரிய சோதனைகளில், பல மருந்துகள் பலனளிக்காமல் போன ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கேற்றார்கள். பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிற மருந்துகளோடு என்ஃபுவிர்டைடையும் பெற்றவர்களிடம், 24 வாரங்களில் வைரஸின் சரிவு, அதைப் பெறாதவர்களைவிட மடக்கை அளவில் (இதில் 1 என்பது பத்தில் ஒரு பங்காகச் சரிவதைக் குறிக்கும்) முதல் சோதனையில் 0.93, இரண்டாவதில் 0.78 அதிகமாக இருந்தது. வேறு வழியற்றவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல. 2003-இல் இம்மருந்து அந்த மனிதர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை இன்றைய மாத்திரைகளின் வசதியிலிருந்து பார்த்து மறந்துவிடக் கூடாது.

இனி பெட்டியைத் திறப்போம். சிறு கண்ணாடிக் குப்பியில் வெண்ணிறத் தூளாக 108 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதில் 1.1 மில்லிலிட்டர் தூய நீரைச் செலுத்திக் கரைத்தால், ஒரு மில்லிலிட்டரில் 90 மில்லிகிராம் என்ற செறிவு கிடைக்கும். அந்த ஒரு மில்லிலிட்டரே ஒரு வேளை மருந்து. குப்பியைக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்துவிடும். விரல் நுனியால் மெல்லத் தட்டி, உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்ட வேண்டும். பிறகு தூள் முழுவதும் கரையும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 45 நிமிடங்கள்வரைகூட ஆகலாம். கரைத்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மேற்கை, தொடையின் முன்பகுதி, வயிறு ஆகிய இடங்களில் மாற்றி மாற்றித் தோலுக்கடியில், நாளுக்கு இருமுறை, ஆண்டு முழுவதும் குத்திக்கொள்ள வேண்டும். சோதனைகளில் பங்கேற்றவர்களுள் 98 விழுக்காட்டினருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, தடிப்பு, கட்டி என ஏதேனும் ஒன்று ஏற்பட்டது. இவ்வளவு உழைப்பைக் கேட்கும் மருந்தை, அதற்கு நிகரான மாத்திரை வந்தவுடன் மக்கள் கைவிட்டதில் வியப்பில்லை. 2007-இல் ரால்டெக்ராவிர் வந்தபின் பலர் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறினார்கள்.

பயன்படுத்துவதிலுள்ள இந்தத் தொல்லைகளுக்கும் வேர் வடிவத்திலேயே இருக்கிறது. நீண்ட பள்ளத்தை மூட நீண்ட சுருள் வேண்டும். குழியின் பிடிமானம் இல்லாத நிலையில் நீளத்தைக் குறைக்கவும் முடியாது. நீண்ட பெப்டைடு வயிற்றுக்குள் போனால் உணவுப் புரதம்போலச் செரித்துவிடும் என்பதால் வாய்வழி கொடுக்க வழியில்லை. தனித்து மிதக்கும்போது டி-20 பெரும்பாலும் சுருளாக இல்லாமல் நெகிழ்ந்து கிடக்கிறது. புரதங்களை வெட்டும் நொதிகளுக்கு நெகிழ்ந்த இழையே எளிய இரை. தோலுக்கடியில் செலுத்தியபின் உடலில் அதன் அரைவாழ்வுக் காலம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அதனால்தான் நாளுக்கு இருமுறை. தயாரிப்பும் எளிதன்று: மூன்று துண்டுகளைத் தனித்தனியாகத் திடத் தாங்கியின் மேல் வளர்த்து, பிறகு கரைசலில் இணைத்து முடிக்கும் இதன் ஆக்கத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப் படிகள் தேவைப்பட்டன. அக்காலத்தில் இவ்வளவு நீண்ட பெப்டைடை டன் கணக்கில் செய்து காட்டியது வேதிப் பொறியியலின் சாதனை என்பதை ஒப்புக்கொள்கிறேன், நோயாளிக்கு அதனால் ஊசி ஒன்றும் குறையவில்லை என்றாலும்.

மிகப் பெரிய குறை எதிர்ப்புத்தன்மை. ஜிபி41-இன் 36 முதல் 45 வரையிலான இடங்களில், அதாவது முள் முழுவதற்குமான எண்வரிசையில் 547 முதல் 556 வரை, ஒன்றோ இரண்டோ சடுதிமாற்றங்கள் நிகழ்ந்தாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. கிளைசின், ஐசோலூசின், வாலின் என்று அடுத்தடுத்து வரும் முதல் மூன்று இடங்களே இதில் முக்கியமானவை. வைரஸ் முற்றிலும் அடங்காத நோயாளிகளிடம் இம்மாற்றங்கள் சில வாரங்களிலேயே தோன்றின. படத்தில் பார்த்தால் இவ்விடங்கள் பள்ளத்தின் தொடக்கப் பகுதியில், டி-20 வந்து படியும் பாதையில், குழியிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன. அங்கே வைரஸ் மாறுதல் செய்துகொண்டாலும் கட்டு உருவாகிறது. பெருகும் வேகம் சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். மருந்தை நிறுத்தினால் பழைய வடிவமே மறுபடி ஓங்குகிறது என்பது, அம்மாற்றங்களுக்கு வைரஸ் ஏதோ விலை கொடுத்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எச்.ஐ.வி.-2 வகைக்கு இயல்பிலேயே வரிசை வேறுபடுவதால் இம்மருந்து அதனிடம் பெரிதாகப் பலிப்பதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் பெப்டைடு தடுப்பான்களை ஒப்பிடும் பலர் கோட்டைவிடும் இடம் இது. ஆய்வகத் தட்டில் வைரஸைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு செறிவு வேண்டும் என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு பெப்டைடு மற்றொன்றைவிட மேல் என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் இலக்கு திறந்திருப்பதோ சில நிமிடங்கள். அந்நேரத்துக்குள் பெப்டைடு வந்து சேர வேண்டும், சேர்ந்தபின் அந்நேரம் முடியும்வரை விலகாமல் இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் விலகாமல் இருக்கும் பிடி ஒன்று கிடைத்துவிட்டால், அதற்கு மேல் பிடியை எவ்வளவு இறுக்கினாலும் அந்த எண் இறங்குவதில்லை. வந்து சேரும் வேகமே அதைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் மிகையான பிடி வீணா? இல்லை. வைரஸ் மாறிக்கொள்ளும்போது பிடி ஒரு பங்கு தளர்கிறது. பிடியில் இப்படி மிகையான இருப்பு வைத்துள்ள பெப்டைடு அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு, இன்னும் அந்தச் சில நிமிடங்களுக்கு விலகாமல் நிற்கும். இருப்பே இல்லாத பெப்டைடு உடனே கழன்றுவிடும். டி-20 இருப்பில்லாத வகை. வீரியத்தைக் காட்டும் எண் அழகாக இருக்க, எதிர்ப்புத்தன்மையை மட்டும் அது தாங்காமல் போனதற்கு, குழியைத் தவறவிட்டதே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

பின்னால் வந்த போட்டியாளர்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் யார் பாடம் கற்றார்கள் என்பது தெரிகிறது. அதே நிறுவனங்கள் உருவாக்கிய டி-1249 எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2, குரங்கு வைரஸ் ஆகியவற்றின் வரிசைகளைக் கலந்து செய்த 39 அமினோ அமிலப் பெப்டைடு. குழியில் இறங்கும் பகுதியையும் அது சேர்த்துக்கொண்டது, டி-20-க்கு அடங்காத வைரஸ்களையும் அடக்கியது. மருந்தாகச் சமைப்பதில் ஏற்பட்ட சிக்கல்களால் 2004-இல் அதன் மேம்பாடு நிறுத்தப்பட்டது. கட்டமைப்பில் தேறிய ஒன்று குப்பியில் தோற்றது வருத்தம்தான். சிஃபுவிர்டைடு வேறு வழியில் சென்றது. சுருளின் வெளிப்புறத்தில் நான்கு இடம் தள்ளி எதிரெதிர் மின்னேற்றங்களை வைத்து, சுருளைத் தனித்து நிற்கும்போதே உறுதியாக்கினார்கள். பள்ளத்தைத் தொடும் உட்புறத்தைக் கெடுக்காமல், தொடாத வெளிப்புறத்தை மட்டும் மாற்றியமைப்பதற்குப் படிக வடிவம் கையில் இருந்தாக வேண்டும். எந்த முகம் உள்ளே, எந்த முகம் வெளியே என்பதை வரிசையை மட்டும் வைத்து இவ்வளவு துணிவோடு சொல்ல முடியாது.

சந்தைவரை வந்த வாரிசு அல்புவிர்டைடு. 2018-இல் சீனாவில் ஒப்புதல் பெற்ற இது 32 அமினோ அமிலங்கள் கொண்டது. இதன் உடலிலுள்ள ஒரு லைசினில் மேலிமைடு தொகுதி இணைக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் ஏராளமாக இருக்கும் ஆல்புமின் புரதத்தின் 34-ஆம் இடத்திலுள்ள சிஸ்டைனோடு அது வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. ஆல்புமின் நாட்கணக்கில் உடலில் சுற்றுவது. அதன் முதுகில் ஏறிய மருந்தும் அதோடு சுற்றுகிறது. நாளுக்கு இரண்டு ஊசி என்ற நிலை வாரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக என்று மாறியது. இவ்வளவு பெரிய சுமையோடு ஒரு பெப்டைடு இன்னும் பள்ளத்துக்குள் நுழைய முடிகிறதே என்று ஐயம் எழலாம். இணைப்புத் தொகுதியைப் பள்ளத்தைப் பார்க்காத முகத்தில் வைத்ததே அதற்கு விடை. என்ஃபுவிர்டைடுக்கும் இதற்கும் இடையே எதைத் தேர்வது என்று கேட்டால், மருத்துவமனைக்கு வாரந்தோறும் செல்ல முடிந்தவருக்கு அல்புவிர்டைடையே சொல்வேன்.

குழியை மட்டுமே குறிவைத்த முயற்சி இவை எல்லாவற்றிலும் துணிச்சலானது. இயற்கையில் உள்ள இடக்கை அமினோ அமிலங்களுக்குப் பதிலாக அவற்றின் கண்ணாடி உருவங்களாகிய வலக்கை அமினோ அமிலங்களைக் கொண்டு செய்த குறும்பெப்டைடுகள் அவை. குழியின் கண்ணாடி உருவத்தை முதலில் ஆய்வகத்தில் செய்து, அதில் ஒட்டும் இயல்பான பெப்டைடுகளைக் கோடிக்கணக்கானவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, பிறகு அவற்றின் கண்ணாடி உருவத்தைச் செய்தால், அது உண்மையான குழியில் ஒட்டும். நொதிகளுக்கு அதை வெட்டத் தெரியாது. பீட்டர் கிம் குழு 1999-இல் தொடங்கிய இவ்வழியைப் பின்னர் மைக்கேல் கே குழு தொடர்ந்து, ஒரு முள்ளிலுள்ள மூன்று குழிகளையும் ஒரே நேரத்தில் பற்றும் பிஐஇ12 மும்மையை உருவாக்கியது. மேலே சொன்ன மிகையான இருப்பை அவர்கள் தெரிந்தே சேர்த்தார்கள். ஆய்வகத்தில் வைரஸ் அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டது. கொலஸ்டிரால் இணைத்த அதன் வாரிசான சிபிடி31 மக்காக் குரங்குகளில் நோய்த்தொற்றைத் தடுத்திருக்கிறது. நீண்ட பள்ளத்தை மூடுவதற்குப் பதிலாக ஆழமான சிறு குழியில் இறங்குவது, அளவையும் சிதைவையும் எதிர்ப்பையும் ஒரே அடியில் சமாளிக்கிறது என்பதால், இத்துறையில் என் விருப்பத் தேர்வு இதுவே.

ஆறு சுருள் கட்டு எச்.ஐ.வி.க்கு மட்டும் உரியதன்று. சுவாச ஒத்திசைவு வைரஸ், தட்டம்மை, நிபா, எபோலா, கொரோனா வைரஸ்கள் ஆகியவற்றின் இணைவுப் புரதங்களும் ஏறக்குறைய இதே முடிவு வடிவத்துக்கே மடங்குகின்றன. ஆகவே டி-20-இன் சூத்திரத்தை அப்படியே பிரதி எடுக்கலாம் என்று தோன்றும். சில இடங்களில் எடுக்கவும் முடிந்தது. கொரோனா வைரஸ்களுக்காகச் செய்த ஈகே1 பெப்டைடு ஒரு மனிதக் கொரோனா வைரஸின் பின்சுருள் வரிசையை மாற்றியமைத்து உருவானது. பல கொரோனா வைரஸ்களை அது தடுப்பது 2019-இலேயே வெளியாகியிருந்ததால், அடுத்த ஆண்டு கொலஸ்டிரால் இணைத்த வடிவத்தைச் சார்ஸ்-கோவ்-2-க்கு எதிராக விரைந்து சோதிக்க முடிந்தது. வேறொரு குழு செய்த, இரண்டு பெப்டைடுகளும் ஒரு கொலஸ்டிராலும் கொண்ட கூட்டை மூக்கு வழியாகப் பெற்ற ஃபெரெட்டுகள் (கீரி போன்ற சிறு விலங்குகள்), தொற்றுள்ள விலங்குகளோடு ஒரே கூண்டில் அடைக்கப்பட்டும் நோய் பெறவில்லை என்பது 2021-இல் வெளிவந்தது. கொலஸ்டிரால் இங்கே பெப்டைடை உயிரணுச் சவ்வில் நங்கூரமிட்டு, இலக்கு திறக்கும் இடத்திலேயே காத்திருக்கச் செய்கிறது.

எல்லா வைரஸ்களும் இப்படி இசைந்து கொடுப்பதில்லை. இன்ஃபுளுவென்சா உயிரணுவின் மேற்பரப்பில் இணைவதில்லை. உயிரணு அதை விழுங்கியபின், அமிலத்தன்மை ஏறும் உட்பைக்குள் இணைகிறது. வெளியே மிதக்கும் பெப்டைடுக்கு அங்கே நுழைவு இல்லை. கொலஸ்டிரால் இணைத்தால் வைரஸோடு சேர்ந்து உள்ளே போக வாய்ப்புண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் அது மருந்தாக இன்னும் கனியவில்லை. சுவாச ஒத்திசைவு வைரஸில் கதை வேறு திசையில் திரும்பியது. 2013-இல் அதன் இணைவுப் புரதத்தின் மடங்குமுன் வடிவம் தெரிந்தவுடன், மடங்கிய வடிவத்தைத் தடுப்பதைவிட மடங்காத வடிவத்தைப் பூட்டி வைப்பதே பயனுள்ளது என்பது புலனாயிற்று. அவ்வடிவத்தின் நடுவிலுள்ள பொந்தில் அமர்ந்து அதை அவிழாமல் தடுக்கும் சிறு மூலக்கூறுகள் உருவாயின. அதே வடிவத்தை உறையவைத்துச் செய்த தடுப்பூசிகள் 2023-இல் ஒப்புதல் பெற்றன. பெப்டைடு தடுப்பான் ஒன்றைத் தொடங்குபவர் புரதத்தின் கடைசி வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு வரிசையை வெட்ட உட்கார்வது போதாது. முதல் வடிவம் எது, இடைநிலை எங்கே திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற மூன்றும் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

என்ஃபுவிர்டைடுக்கே திரும்பி, தகவல் தாளில் உள்ள சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகளை இது தொந்தரவு செய்வதில்லை, எனவே பிற எச்.ஐ.வி. மருந்துகளோடு மோதல் மிகக் குறைவு. பல மருந்துகளைச் சுமக்கும் நோயாளிக்கு இது பெரிய நிம்மதி. சோதனைகளில் பாக்டீரியா நிமோனியா இம்மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது, ஆகவே இருமலையும் காய்ச்சலையும் அலட்சியம் செய்யக் கூடாது. மருந்து ஜிபி41-இன் துண்டே என்பதால், தொற்று இல்லாத ஒருவர் இதைப் பெற்று அவர் உடல் எதிர்ப்புப்பொருள் உருவாக்கினால், எலைசா பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தவறாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. செயல்படும் வேறொரு மருந்தாவது துணைக்கு இல்லாமல் இதைத் தொடங்குவது எதிர்ப்பை வளர்ப்பதற்கே உதவும்.

ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்காக டி-20 தூளை வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முன்முனையில் அசிட்டைல் தொகுதியும் பின்முனையில் அமைடும் உள்ளனவா என்பது. மூடப்படாத முனைகளின் மின்னேற்றம் சுருளைக் குலைப்பதால் மூடாத பெப்டைடோடு செய்த ஒப்பீடு நியாயமானதாக இராது. இரண்டாவது, கரைக்கும் நீர். இப்பெப்டைடில் ஆறு குளூட்டமிக் அமிலமும் ஓர் அஸ்பார்டிக் அமிலமுமாக ஏழு அமிலப் பக்கக்கிளைகள் இருக்க, எதிரே நிற்பவை இரண்டு லைசின்களும் ஒரு ஹிஸ்டிடினுமே. ஆகவே வெறும் நீரில் இது ஏறக்குறைய கரையாது, காரத்தன்மை சற்று ஏறினால் நன்றாகக் கரைகிறது. வணிகக் குப்பியில் சோடியம் கார்பனேட் சேர்த்திருப்பது இதற்காகவே. தாங்கல் கரைசலின் pH அளவை 7.5-க்கு மேல் வைத்துக் கரைத்துவிட்டு, அதன்பின் தேவையான செறிவுக்கு நீர்த்தால் தூள் அடியில் படிந்து தொல்லை தராது.